பழைய கோப்பைப் புரட்டாமல் குறிப்பு எழுதாதீர்கள்

அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் நான். எந்தக் கோப்பு மேசைக்கு வந்தாலும் முதலில் பழைய தாள்களைப் புரட்டுவேன். முன்பு என்ன உத்தரவு, எதற்காகப் போட்டார்கள் என்று பார்க்காமல் குறிப்பு எழுதினால் மேலதிகாரி கோப்பை முகத்திலேயே விட்டெறிவார். சைக்கிள் வாங்க முன்பணம் கேட்டவனுக்கே இந்த நடைமுறை. ஒரு பெண்ணின் வயிற்றை இரண்டாம் முறை அறுப்பதா வேண்டாமா என்பதற்கு மட்டும் இது தேவையில்லையாம்!

என் பேத்தி இரண்டாவது முறை உண்டாகியிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் முதல் பிரசவம். பதினெட்டு மணி நேரம் வலி. பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று ராத்திரி ஒரு மணிக்கு ஆபரேஷன். ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பேத்தியும் கொள்ளுப்பேரனும் பிழைத்ததே பெரிது என்று வீட்டுக்கு வந்தோம். ஏன் அப்படி ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

இந்த முறை ஐந்தாம் மாதமே தனியார் மருத்துவமனையில் தீர்ப்பு வந்துவிட்டது. "முதலாவது சிசேரியன், இதுவும் சிசேரியன்தான்." இரண்டு நிமிடத்தில் அடுத்த டோக்கன். சம்பந்தியம்மா ஜோசியரிடம் போய் நல்ல நேரம் குறித்து வந்தார். என் தங்கையோ, "நான் நாலும் வீட்டிலேயே பெத்தேன், இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு முக்கத் தெரியல" என்றாள். மூன்று பேர் மூன்று உத்தரவு. சுமக்கிறவளை ஒருவரும் கேட்கவில்லை.

'ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்' என்பது 1916-இல் நியூயார்க்கைச் சேர்ந்த கிரேகின் என்ற மருத்துவர் சொன்னது. தேவையில்லாமல் முதல் அறுவையைச் செய்யாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கத்தான் சொன்னார். அன்று கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக நெடுக்கில் அறுத்தார்கள். அந்தத் தழும்பு அடுத்த வலியில் பிளக்கும் ஆபத்து அதிகம். இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காக அறுக்கிறார்கள். இப்படி ஒரே ஒரு தழும்பு உள்ளவர்களில் தகுதியானவர்கள் முயன்றால், நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிளப்பது சுமார் 200 பேரில் ஒருவருக்கு.

அந்த ஒருவர் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால்? குழந்தை போகலாம், கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். ஆகவே ராத்திரியிலும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் எல்லாம் தயாராக இருக்கும் இடத்தில்தான் இதை முயல வேண்டும். வீட்டிலேயே பெற்ற வீரக்கதை இங்கே உதவாது. அதே சமயம், திரும்பத் திரும்ப அறுப்பதும் சும்மா இல்லை. ஒவ்வொரு அறுவைக்குப் பிறகும், அடுத்த நஞ்சு தழும்பின் மேல் ஒட்டிச் சதைக்குள் வேர்விடும் அபாயம் கூடுகிறது. இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இது ஏதோ ஒரு வீட்டுச் சங்கதி இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பக்கத்துத் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். அத்தனை வீட்டிலும் அடுத்த முறை இதே கேள்வி வரும்.

பேத்தியின் டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். ஆபரேஷன் நடந்தது என்று ஒரு வரி. எப்படி அறுத்தார்கள், ஏன் ரத்தம் கொட்டியது, ஒன்றுமில்லை. நோயாளி கேட்டால் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. எழுத்தர் புத்தி விடுமா? மனு எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினேன். மூன்று முறை அலையவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அதில் இருந்தது: குறுக்குத் தழும்புதான், ஆனால் அறுத்த இடம் பக்கவாட்டில் கிழிந்து, தைத்திருக்கிறார்கள். அதைப் படித்த வேறொரு டாக்டரம்மா அரை மணி நேரம் இரண்டு வழியையும் விளக்கினார். என் பேத்தி கேட்டாள், மூன்று நாள் யோசித்தாள், சிசேரியனையே தேர்ந்தெடுத்தாள்.

"அப்புறம் எதற்கு இத்தனை கூத்து?" என்றாள் என் தங்கை. கூத்து இல்லை, அம்மா. இப்போது அது அவள் முடிவு. ஜோசியர் குறித்த நாள் 37-ஆம் வாரத்தில் விழுந்தது. அவசரமில்லாத சிசேரியனை 39 வாரம் முடியுமுன் செய்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடும் என்று டாக்டரம்மா சொன்னதும், அந்த நாளையும் அவளே அடித்துவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான். இருக்கட்டும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். அந்த மொழியில் மருத்துவச்சிக்கு 'சாழ் ஃபாம்' என்று பெயர். அறிவுள்ள பெண் என்று அர்த்தம். பிரசவ அறையில் பிள்ளை பெறுகிறவளுக்கும் அறிவு உண்டு என்பதை நாம்தான் மறந்துவிட்டோம்.

அடுத்த மாதம் ஆபரேஷன். முடிந்த கையோடு குறிப்பின் நகலை வாங்கி வைக்கும்படி மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.