ரப்பரைக் கிள்ளிப் பாருங்க

எங்க பழைய கேம்பர் வேனோட முன் கண்ணாடியில சின்னதா ஒரு கல் அடி. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டேன். ஜூன் வெயில்ல கொதிச்ச கண்ணாடி மேல ஏசி காத்து பட்டதும், விரிசல் ஒரு முழத்துக்கு ஓடிடுச்சு.

சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஒரு மலையாளி மெக்கானிக். "சேட்டா, கண்ணாடி மட்டும் மாத்தினா போதும்"னேன். அவர் பழைய ரப்பர் பீடிங்கை நகத்தால கிள்ளினார். பொடியா உதிர்ந்தது. இப்போதைய கார்களில் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ரப்பர்தான் பிடிமானம். கழற்றினா, அடியில சட்டம் முழுக்கத் துரு.

துருவைச் சுரண்டி, பிரைமர் அடிச்சுக் காயவிட்டோம். புது ரப்பரைக் கண்ணாடியைச் சுத்தி மாட்டி, அதோட பள்ளத்துல கயிறு விட்டு, சோப்புத் தண்ணி தடவினோம். அவர் வெளியிலிருந்து அழுத்த, நான் உள்ளேயிருந்து கயிற்றை மெல்ல இழுக்க, ரப்பர் ஓரம் சட்டத்து மேல ஏறி உட்கார்ந்தது.

செலவு கூடத்தான். ஆனா, அந்த உதிர்ந்த ரப்பரை நம்பித்தான் இத்தனை நாள் குடும்பத்தோட நெடுஞ்சாலையில போயிருக்கேன். உங்ககிட்டயும் பழைய வண்டி இருக்கா? இன்னைக்கே ஒரு தடவை கிள்ளிப் பாருங்க.