அடுக்களையில் மணி அடிக்கட்டும்!

டெலிபோன் என்பது ஒரு காலத்தில் வீட்டுக்குச் சொந்தமான பொருளாக இருந்தது. கூடத்தில் ஒரு முக்காலி, முக்காலியின்மேல் பூவேலை செய்த துணி, துணியின்மேல் டெலிபோன். மணி அடித்தால் அருகில் இருப்பவர் எடுப்பார். இன்றோ டெலிபோன் வீட்டுக்குச் சொந்தமல்ல, ஆளுக்குச் சொந்தம். அவரவர் சட்டைப் பையில் அவரவர் டெலிபோன் உறங்குகிறது. அங்கேயே விழித்துக் கூவுகிறது. இதனால் உண்டான சௌகரியங்கள் அனேகம் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு சங்கடமும் கூடவே வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டில் மணி அடித்தால், "நம்முடையது அல்ல" என்று ஒவ்வொருவரும் சும்மா இருந்து விடுகிறார்கள். யாருக்காக அடிக்கிறதோ, அவருக்கோ காது கேட்பதில்லை!

வேங்கிக்காலிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கும் விஷயம் இதைப் பற்றியதுதான். திருவண்ணாமலைக்கு அடுத்தாற்போல், வேலூர் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடம் வேங்கிக்கால். 1989-ம் வருஷத்தில் திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு இங்கே குடியேறிய உத்தியோகஸ்தர் குடும்பங்கள் பல. பிள்ளைகளைப் படிக்க வைத்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்டு, வயது முதிர்ந்த தம்பதிகள் இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் அங்கே இன்று ஏராளம். அன்பரின் வீடும் அத்தகையதே. செல்போனுக்கு மாடி ஜன்னலோரத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது. ஆகவே அது அங்கேயே வாசம் செய்கிறது. அவருடைய மனைவியார் கீழே அடுக்களையில் இருக்கிறார். கூடத்தில் ஒரு கார்ட்லெஸ் டெலிபோன் இருக்கிறது. அந்த அம்மாளுக்குக் கை பழகியது அதுதான். ஆனால் மருத்துவமனை, வங்கி, காஸ் கம்பெனி, பேரன் ஆகிய எல்லாரும் வைத்திருப்பது செல்போன் எண்ணை அல்லவா? "இவ்விரண்டையும் ஒன்றோடொன்று இணைக்க வழி உண்டா? உண்டானால் அது நன்மையா?" என்று கேட்கிறார்.

வழி உண்டு. நன்மையும் உண்டு. ஆனால் சில ஜாக்கிரதைகளும் வேண்டும்.

கார்ட்லெஸ் டெலிபோனில் இரண்டு உறுப்புக்கள் இருக்கின்றன. டெலிபோன் கம்பியோடு சேர்ந்திருக்கும் பெட்டி ஒன்று. கையில் எடுத்துச் செல்லும் பேச்சுக் கருவி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே ரேடியோ அலை ஓடுகிறது. இப்போது புழங்கும் கருவிகளில் பெரும்பாலானவை "டெக்ட்" என்னும் முறையைப் பின்பற்றுகின்றன. ஐரோப்பாவில் 1992-ம் வருஷத்தில் வகுக்கப்பட்ட முறை இது. இந்த அலை வீட்டுக்குள் சுமார் 50 மீட்டர் வரையில் சுவர்களைக் கடந்து செல்லும். செல்போனில் இருப்பதோ "புளூடூத்" என்னும் வேறொரு சிற்றலை. டென்மார்க்கையும் நார்வேயையும் பத்தாம் நூற்றாண்டில் ஒரு குடைக்கீழ்க் கொண்டு வந்த அரசர் ஒருவரின் பட்டப் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். பிரிந்து கிடக்கும் கருவிகளை ஒன்று சேர்ப்பதால் அந்தப் பெயர்! வீட்டுக் கருவிகளில் இது சாதாரணமாகப் பத்து மீட்டர் தூரம் எட்டும்.

சில கம்பெனிகள் செய்யும் கார்ட்லெஸ் பெட்டிகளில் டெக்ட், புளூடூத் இரண்டும் இருக்கின்றன. செல்போனை ஒரு முறை அந்தப் பெட்டிக்கு அறிமுகம் செய்து வைத்தால் போதும். அதற்குப் பிறகு செல்போன் அந்தப் பெட்டியை, மோட்டார் காரில் இருக்கும் பேச்சுக் கருவியைப் போலவே பாவிக்கும். செல்போனுக்கு அழைப்பு வந்தால் பெட்டி அதை வாங்கி, வீட்டிலுள்ள கைக்கருவிகள் அனைத்திலும் மணி அடிக்கச் செய்யும். அடுக்களையில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று, பூஜை அறைக்கு வெளியே ஒன்று என்று வைத்திருந்தால், எந்த இடத்திலிருந்தும் எடுத்துப் பேசலாம். வெளியே அழைப்பதற்கும் கம்பி வழி, செல்போன் வழி என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும்.

வேங்கிக்கால் அன்பருக்கு இதில் விசேஷ அனுகூலம் ஒன்று உண்டு. கான்கிரீட் தளமும் சுவர்களும் செல்போன் கோபுரத்தின் அலையை மங்கச் செய்கின்றன. சிக்னல் தேடி மனிதர் அலைய வேண்டியதில்லை. சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரத்திலேயே செல்போன் இருக்கட்டும். ஆனால் பெட்டியும் மாடிக்குப் போய், செல்போனுக்குப் பத்தடி தூரத்துக்குள் இருக்க வேண்டும். அங்கிருந்து குரலைக் கீழே அடுக்களைக்குக் கொண்டு வருவது டெக்ட் அலையின் பொறுப்பு.

கூடத்தில் இருக்கும் பழைய கார்ட்லெஸ்ஸில் புளூடூத் இல்லையென்றால் அதைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. புளூடூத் உள்ள சிறு பெட்டிகள் தனியாகக் கிடைக்கின்றன. கார்ட்லெஸ்ஸின் கம்பியைச் சுவரில் செருகுவதற்குப் பதிலாக அந்தப் பெட்டியில் செருகிவிட்டால், செல்போன் அழைப்பு பழைய கருவியிலேயே ஒலிக்கும். கம்பி டெலிபோனை ரத்து செய்துவிட்ட வீடுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. சிம் கார்டைத் தன் வயிற்றிலேயே தாங்கிக் கொண்டு, பழைய மேஜை டெலிபோனைப் போன்ற உருவத்தோடு விளங்கும் கருவிகள் நம் ஊர்க் கடைகளிலேயே விற்கின்றன. கண் மங்கியவர்களுக்கு அதன் பெரிய பொத்தான்கள் ஒரு வரப்பிரசாதம்.

ஒரு விஷயத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வாட்ஸப் முதலியவற்றின் மூலம் வரும் அழைப்புக்கள் இவ்வழியாக வந்து சேரும் என்று நம்பியிருக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து பேரன் வாட்ஸப்பில் அழைத்தால், பாட்டி மாடி ஏறித்தான் ஆக வேண்டும்!

நிற்க. இணைப்பது வேறு, அழைப்பைத் திருப்பி விடுவது வேறு. ஒரு எண்ணுக்கு வரும் அழைப்பை இன்னொரு எண்ணுக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்வது டெலிபோன் கம்பெனி. புளூடூத் இணைப்போ வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நடப்பது. அதற்குக் கம்பெனியின் தயவும் வேண்டாம், தனிக் கட்டணமும் இல்லை. இந்த வித்தியாசத்தை முதியவர்கள் தெரிந்து கொள்வது மிகவும் அவசியம். ஏனெனில், "உங்கள் இணைப்பைச் சரி செய்கிறோம், நட்சத்திரக் குறி போட்டு இந்த எண்களை அழுத்துங்கள்" என்று யாரோ சொல்ல, அதை நம்பி அழுத்தியவர்களின் அழைப்புக்கள் மோசக்காரர்களுக்குத் திரும்பிப் போயிருக்கின்றன. வங்கி சொல்லும் ரகசிய எண்ணும் அவர்கள் காதிலேயே விழுந்துவிடும். இதைத் தடுக்கத்தான், குறி போட்டு அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15-ந் தேதி முதல் நிறுத்தி வைக்கும்படி மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. முகம் தெரியாதவர் சொல்லும் எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம். பணம் பறிபோனது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

எண்களைப் பற்றிச் சொல்லும்போது மற்றொன்று. கம்பி டெலிபோனிலிருந்து செல்போனை அழைப்பதானால், முன்னால் ஒரு சைபர் சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15-ந் தேதி முதல் ஏற்பட்ட விதி. இணைத்த கருவியில் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதை மறந்தால், "இந்த எண் சரியல்ல" என்ற குரலைக் கேட்டு, கருவியின்மேல் கோபம் கொள்ள நேரிடும். சைபர் ஒன்றைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு கோபித்துக் கொள்ளலாம்.

அடுத்த ஜாக்கிரதை, கடல் கடந்து வரும் பெட்டியைப் பற்றியது. லீவில் வரும் பிள்ளை, அம்மாவுக்காக அமெரிக்கக் கடையில் இத்தகைய கருவி ஒன்றை ஆசையுடன் வாங்கி வருவது சகஜம். தயவு செய்து வேண்டாம் என்று எழுதி விடுங்கள். ஐரோப்பிய டெக்ட் கருவிகள் 1,880 முதல் 1,900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் இயங்குகின்றன. அமெரிக்கக் கருவிகளோ 1,920 முதல் 1,930 வரையுள்ள அலைகளில் இயங்குபவை. உலகின் பெரும்பகுதியில் அந்த இடம், செல்போனிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் அலைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பட்டையில் சேர்ந்தது. அம்மாவின் பேச்சு, அடுத்த தெருக்காரர்களின் பேச்சுக்கு இடைஞ்சலாகலாம். தவிர, அமெரிக்காவின் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. அந்நாட்டுக்கென்றே செய்த மின் செருகியை நம் சுவரில் மாட்டினால், பிள்ளையின் அன்பு புகையாகப் போய்விடும்.

டெக்ட் என்றதும் சென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990-களில், கிராமங்களுக்குச் செப்புக் கம்பி இழுத்துக் கட்டுப்படியாகாது என்று எல்லாரும் கையை விரித்துக் கொண்டிருந்த காலத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியவர்கள் இந்த டெக்ட் முறையை எடுத்துக் கொண்டார்கள். வீட்டுக்குள் அறைக்கு அறை போவதற்கென்று ஏற்பட்ட அலையை, கோபுரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரம் செல்லும்படி செய்தார்கள். சந்தாதாரர் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அதில் டெலிபோன் பேச்சும் நடக்கும், இன்டர்நெட்டும் வரும். "கார்டெக்ட்" என்று அதற்குப் பெயர். 2001-ம் வருஷத்திலிருந்து மதுரை ஜில்லா மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் அதன் மூலம் இன்டர்நெட் நிலையங்கள் நடந்தன. பிறகு செல்போன் வெள்ளம் வந்து அதை ஒதுக்கிவிட்டது வாஸ்தவந்தான். ஆனாலும், பிற தேசத்தார் வகுத்த முறையை நம் கிராமத்தின் தேவைக்கு ஏற்ப மாற்றியமைக்க நம்மவர்களால் முடியும் என்பது அன்று ருசுவாயிற்று. வயோதிகர்கள் தனியாக வாழும் நம் வீடுகளுக்குத் தகுந்த ஒரு கருவியை, தமிழில் பேசி அழைப்பவரின் பெயரைச் சொல்லும் கருவியை, இன்றைய வாலிபர்கள் செய்து தரலாகாதா?

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். பழைய கம்பி டெலிபோனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்து கொண்டிருந்தது. ஊரே இருண்டாலும் டெலிபோன் பேசும். கார்ட்லெஸ் பெட்டி அப்படியல்ல. வீட்டில் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். செப்புக் கம்பிக்குப் பதிலாக ஃபைபர் இழை வந்த வீடுகளில், சுவரிலுள்ள ஃபைபர் பெட்டியும் கூடவே கண்ணை மூடிக் கொள்ளும். ஆகவே, இணைத்த வீட்டில் மின்விசிறிக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதோ இல்லையோ, இவ்விரண்டு பெட்டிகளுக்கும் இருக்க வேண்டும். மின்சாரம் நின்ற நேரத்தில் செல்போனைத் தேடி எடுத்துப் பேசவும் அந்த அம்மாள் பழகியிருக்க வேண்டும்.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு அல்ல. 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலை மலைச் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் மாண்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய இரவுகளில்தான் தூரத்திலுள்ள பிள்ளைகள், "அம்மா, க்ஷேமமா?" என்று கேட்கத் துடிக்கிறார்கள், அத்தகைய இரவுகளில்தான் மின்சாரமும் போகிறது. கார்த்திகை தீபத்தன்றோ வேறு விதமான சோதனை. லட்சக்கணக்கான ஜனங்கள் கூடும்போது, ஒவ்வொரு கோபுரமும் ஏற்கக்கூடிய பேச்சுக்கு ஓர் அளவு உண்டு. செல்போன் வழி அடைத்தால் கம்பி வழி, கம்பி வழி அறுந்தால் செல்போன் வழி என்று இரண்டு வழிகள் திறந்திருப்பதுதான் இணைப்பின் மெய்யான பலன். இணைத்தாகிவிட்டது என்று ஒரு வழியை ரத்து செய்துவிட்டால், அந்தப் பலன் போய்விடும்.

கடைசியாக, குடும்ப சமாதானத்தை உத்தேசித்து ஒரு வார்த்தை. வீட்டில் யாருடைய செல்போனை இணைப்பது என்பதைச் சபை கூட்டித் தீர்மானிக்க வேண்டும். மருமகளின் செல்போனை இணைத்துவிட்டு, அவளுடைய தோழி அழைக்கும்போது மாமியார் அடுக்களையில் எடுத்து, "யாரம்மா அது?" என்று விசாரித்தால், விளையும் பலனுக்குப் புளூடூத் பொறுப்பாகாது. ஒருவர் பேசும்போது மற்றொரு கைக்கருவியை எடுத்து நடுவில் சேர்ந்து கொள்ளும் வசதியும் சில கருவிகளில் இருக்கிறது. ஆகவே, எப்போதும் வீட்டிலேயே இருக்கும் செல்போனை மட்டும் இணைப்பது உத்தமம். ஆபீசுக்குப் போகிறவர்களின் செல்போன் அவர்கள் பையிலேயே இருக்கட்டும்.

அடுப்பில் பால் பொங்கும்போது மாடிக்கு ஓடியதால் பால் வழிந்த வீடுகள் எத்தனை! ஓடாமல் இருந்ததால் டாக்டரின் அழைப்புத் தவறிய வீடுகள் எத்தனை! எழுபது வயதில் மாடிப்படி ஏறி ஓடுவது தேகப் பயிற்சி ஆகாது. விபத்துக்கு விடுக்கும் அழைப்பு ஆகும். அந்த ஓர் அழைப்பை மட்டும் எடுக்க வேண்டாம் என்பதே வேங்கிக்கால் அன்பருக்கு நாம் சொல்லும் யோசனை. மற்ற அழைப்புக்கள் எல்லாம் தாராளமாக அடுக்களைக்கே வரட்டும்.