காத்திருக்க வைப்பதும் ஒரு சாதி அதிகாரம்தான்

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில், ஜவ்வாது மலைத் தொடரில் உள்ள அல்லேரியில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக நல்ல சாலை இல்லை. உடற்கூறாய்வு முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸும் சாலை இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு தாய் மலைப்பாதையில் நடந்தார். சாலை ஏன் இல்லை என்று ஊடகங்கள் கேட்டபோது, வனத்துறை அனுமதி வேண்டும் என்ற பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கவனியுங்கள். சாலை போட முடியாது என்று யாரும் சொல்லவில்லை. முடிவு எடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். மறுத்திருந்தால் எதிர்த்துப் போராடலாம், நீதிமன்றம் போகலாம். முடிவே இல்லாத கோப்பை எதிர்த்து எங்கே போவது?

இதே மலைக்கு வடக்கே, வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஈழத்திலிருந்து வந்த தமிழர்களுக்கான முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் தமிழ்நாடு முதலமைச்சர் அங்கே புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். 2023 செப்டம்பரில் வீடுகள் திறக்கப்பட்டன. வரவேற்க வேண்டிய வேலை. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்து எழுந்த மக்களுக்குக் கூரை பெரிய விஷயம். ஆனால் அந்த வீட்டுக்குள் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாகியும் பதில் இல்லை. வீட்டைக் கட்டி முடிக்க இரண்டு ஆண்டு போதுமானதாக இருந்தது. மனிதரை அங்கீகரிக்க நாற்பது ஆண்டு போதவில்லை.

2021இல் சட்டமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது: 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்து வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அதே ஆண்டு முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறியது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் ஆனது. பெயர் மாறியது, தொகை கூடியது. நிலை மட்டும் மாறவில்லை. இன்றும் கணக்கெடுப்பு நாளில் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்று தலையைக் காட்ட வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஈழத்தமிழர்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் பாரிசிலும் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கதைகள் ஏராளம். அதுவும் கொடுமைதான். வேலை செய்ய அனுமதி இல்லாமல், குடும்பத்தை அழைக்க வழியில்லாமல், எந்தக் காலையில் கடிதம் வரும் என்று தெரியாமல் இளமை கரையும். ஆனாலும் அங்கே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஓர் எண் இருக்கிறது. மறுத்தால் மேல்முறையீடு இருக்கிறது. இந்தியாவில் அதுவும் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆகவே முகாமில் இருப்பவர் எந்த முடிவுக்காகக் காத்திருக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது.

காத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால்தான் இதில் உள்ள சாதி தெரியும். முகாம்களில் இருப்பவர்கள் அனைவரும் யாழ்ப்பாணத்தில் காணியும் வீடும் விட்டு வந்தவர்கள் அல்லர். அவர்களில் பல ஆயிரம் பேர் மலையகத் தமிழர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ஆற்காடு பக்கமிருந்து கங்காணிகள் பிடித்துக்கொண்டு போன கூலிகளின் வாரிசுகள். போனவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் நிலமில்லை, பஞ்சத்தில் கஞ்சியில்லை, சேரியைத் தாண்டினால் அடி. அந்த நிலைதான் அவர்களைக் கடல் கடக்க வைத்தது. தேயிலைத் தோட்டத்து லயத்திலும் சாதி அவர்களோடு வந்தது.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு குடியுரிமைச் சட்டம் போட்டு, ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் ஒருவரிடமும் சம்மதம் கேட்கவில்லை. தானியத்தைக்கூட அளந்து பார்த்துத்தான் பிரிப்பார்கள். இவர்களைப் பார்க்காமலே பிரித்தார்கள்.

ஒப்பந்தப்படி எல்லோரும் வந்து சேரவுமில்லை. 1977 கலவரத்திலும் 1981 கலவரத்திலும் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சி என்று ஒதுங்கியவர்கள் உண்டு. 1983க்குப் பிறகு போர் வந்தது. தலைமன்னார் கப்பல் நின்றது. பிறகு அவர்கள் படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கினார்கள். இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்த குடும்பங்களும் இவர்களில் உண்டு. கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். படகில் வந்ததால் அகதி. பாட்டன் ஊர் திருச்சிப் பக்கம், பேரன் திருச்சி கொட்டப்பட்டு முகாமில். இவர் ‘வெளிநாட்டவர்’.

சட்டத்தின் தேதிகளைப் பாருங்கள். 1955 குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றாலே கதவு அடைப்பு. ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில் 1986இல் பிறந்த அக்கா சட்டப்படி குடிமகள், 1988இல் பிறந்த தம்பி அகதி. அந்த அக்காவைப் போன்ற ஒருவரும் 2022இல் உயர் நீதிமன்றம் போய்த்தான் கடவுச்சீட்டு கேட்க வேண்டியிருந்தது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014க்குள் வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்துக்களின் காவலர்கள் என்று மார்தட்டுகிறவர்களின் கண்ணில் முகாமில் இருக்கும் இந்துத் தமிழர் ஏன் படவில்லை? முஸ்லிம்களை விலக்குவதற்காகப் போட்ட சட்டம் அது, அகதிகளைக் காப்பதற்காகப் போட்டதல்ல. ‘இந்து’ என்ற சொல் வாக்குக் கேட்கும்போது கூலித் தொழிலாளியின் பேரனையும் சேர்த்துக்கொள்ளும். உரிமை கொடுக்கும்போது அவனைக் கழித்துவிடும். இதை நாம் ஊரில் பார்க்காததா? திருவிழா வரியில் சேரி உண்டு, தேர் வரும் தெருவில் சேரி இல்லை.

65 பேர் குடியுரிமை கேட்டு 2009இல் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை 2019 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. புதிதாக விண்ணப்பியுங்கள், ஒன்றிய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்கட்டும் என்றது. வழக்கு நடந்ததே பத்து ஆண்டு. அதன் பிறகும் முகாம்கள் முகாம்களாகவே இருக்கின்றன. 2025 மே மாதம் வேறொரு ஈழத்தமிழர் வழக்கில், இந்தியா எல்லோரும் வந்து தங்கும் சத்திரமல்ல என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் பேசியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அதாவது காத்திருப்பதற்காகச் சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

சாதியின் இயல்பைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார் அம்பேத்கர். எல்லோரையும் ஒரே பள்ளத்தில் தள்ளாமல் படி படியாக நிறுத்துவது, ஒரு படியில் இருப்பவர் அடுத்த படியைப் பார்த்து ஆறுதல் கொள்ளும்படி செய்வது. குடியுரிமையிலும் அதையே செய்திருக்கிறார்கள். திருத்தச் சட்டத்துக்குள் வருபவர் ஒரு படி. முகாம் பதிவு ஒரு படி. வெளிப்பதிவு ஒரு படி. திருச்சி சிறப்பு முகாமில் பூட்டி வைக்கப்பட்டவர் கடைசிப் படி. குடியுரிமை இல்லையென்றால் வாக்கு இல்லை, அரசு வேலை இல்லை. தலித் பிள்ளைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழும் இல்லை. சாதியின் இழிவு கடல் கடந்து திரும்பி வந்தது, இடஒதுக்கீடு மட்டும் வாசலிலேயே நிற்கிறது.

இதற்கெல்லாம் டெல்லிதான் காரணம் என்று தமிழ்நாட்டில் சொல்வது எளிது. குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது, உண்மை. ஆனால் மாநில அரசின் கையில் இருக்கும் முடிவுகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க மீண்டும் ஜவ்வாது மலைக்கு ஏற வேண்டும்.

2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கிராம சபை தொடங்கி வைக்கும், கோட்டக் குழு பார்க்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவெடுக்கும். டெல்லிக்கு அங்கே வேலை இல்லை. அல்லேரி போன்ற ஊருக்குச் சாலை போட, ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் வந்த உயர் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது நின்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அதற்குப் பிறகு சாக்கு எதுவும் மிச்சமில்லை. பட்டா பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. பட்டா இல்லாமல் வனத்துறைக்குப் பயந்தே உழுகிறவர்களும் இருக்கிறார்கள். நிலத்தில் பிழைப்பு இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்பதை 2015 ஏப்ரல் 7 சொன்னது. சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற இருபது தமிழர்களில் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். பட்டாவுக்குப் பல ஆண்டு எடுத்துக்கொள்ளும் அரசுகளுக்குத் துப்பாக்கிக்கு ஒரு விடியற்காலை போதும்.

குடியுரிமை கொடுத்தால் ஈழத்தமிழரின் தாயகக் கோரிக்கை பலவீனப்படும் என்று நம் தோழர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். ஒரு மக்களின் அரசியல் கோரிக்கையை உயிரோடு வைத்திருக்க அவர்களின் பிள்ளைகள் முகாமில் கிடக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. திரும்பிப் போக விரும்புவோர் மதிப்போடு போக வழி வேண்டும், இருக்க விரும்புவோர் குடிமக்களாக இருக்க வழி வேண்டும். மலையகத் தமிழருக்கோ அங்கே திரும்பிப் போய் உரிமை கேட்கச் சொந்தக் காணியும் கிடையாது. லயத்துக்கா திரும்புவார்கள்?

நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். பதிவு செய்த முகாம்வாசிகளைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து ஒன்றிய அரசு நீக்க வேண்டும். 1987க்கு முன் இங்கே பிறந்தவர்களை வழக்குப் போடச் சொல்லாமல் மாவட்ட ஆட்சியர்களே தேடிப் போய்ச் சான்று தர வேண்டும். மலையக வம்சாவளியினரின் விண்ணப்பங்களுக்குக் காலக்கெடு வேண்டும். மாநில அரசு ஒவ்வொரு மலை ஊராட்சியிலும் நிலுவையில் உள்ள வன உரிமை மனுக்களின் பட்டியலை ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது, 21ஆவது பிரிவுகள் ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘எந்த ஒரு நபரும்’ என்றுதான் சொல்கின்றன. அம்பேத்கரின் படத்துக்கு மாலை போடும் ஒவ்வொரு கட்சியிடமும், ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்த ஒரு சொல்லைக் காட்டிக் கேட்போம்: எந்தத் தேதிக்குள் முடிவு?