குழந்தை இல்லாதவங்களுக்கு ராட்டினத்துல என்ன வேலை?

போன மாசம் எங்க சொந்தத்துல ஒரு வளைகாப்பு. சாப்பாடெல்லாம் முடிஞ்சு, ஹால்ல பாய் விரிச்சு எல்லாரும் வெத்தலை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. லீவுக்கு எங்கேடா போறீங்கன்னு யாரோ கேட்டாங்க. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "நானும் என் ஃப்ரெண்ட்ஸும் தீம் பார்க் போறோம், சித்தியும் வர்றாங்க"ன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்.

உடனே ஒரு பெரியம்மா சித்தி பக்கம் திரும்பி, "ஏண்டி, குழந்தையா குட்டியா, உனக்கு அங்க என்ன வேலை? ராட்டினம் சுத்தப் போறியா?"ன்னாங்க. கூட்டமே சிரிச்சுது. சித்தியும் சிரிச்சாங்க. அப்புறம் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கிட்டு சமையலறைக்குள்ள போனவங்க ரொம்ப நேரம் வெளியே வரலை.

சித்திக்கு 46 வயசு. கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு, குழந்தை இல்லை. வளைகாப்புன்னா கூப்பிடறதுக்கு முன்னாடியே தானாகப் பின்வரிசைக்குப் போய் நின்னுக்கப் பழகினவங்க. ஏன்னு நம்ம வீடுகள்ல வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். "பேரைப் போடாதே, வயசுல ரெண்டு குறைச்சுக்கோ"ன்னாங்க. முதல் கண்டிஷனை மட்டும் காப்பாத்தியிருக்கேன் :-))

பெரியம்மா கேட்டது கிண்டல்தான். ஆனா கேள்வி நல்ல கேள்வி. குழந்தை இல்லாத பெரியவங்களுக்கு அங்கே என்ன வேலை?

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது குடும்பத்தோட இந்த மாதிரி ஒரு இடத்துக்குப் போனோம். அன்னிக்கு அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா நாலு பேரும் என்ன பண்ணினாங்கன்னு யோசிச்சுப் பாக்கறேன். அப்பா க்யூவுல நின்னார். அம்மா எனக்கும் தம்பிக்கும் தலை துவட்டினாங்க. சித்தப்பா தண்ணி பாட்டில் வாங்கப் போனார். சித்தி எல்லாரோட செருப்பு, பை, வாட்ச், ஈரத்துணியை மடியில வச்சுக்கிட்டு ஒரு பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. காலையில பத்து மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். அவங்களுக்கும் முழு டிக்கெட்தான். ஒரு ரைடு கூட ஏறலை. காமர்ஸ் படிக்கிற எனக்கு இப்போ அதை நினைச்சா வயிறு எரியுது.

இந்தப் பெஞ்சு விஷயத்துல ஒரு வேடிக்கை இருக்கு. டிஸ்னிலேண்ட் ஆரம்பிச்சதே ஒரு பெஞ்சுலதான். வால்ட் டிஸ்னி லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற கிரிஃபித் பார்க்குக்குத் தன் ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போவாராம். அவங்க மரக்குதிரை ராட்டினத்துல சுத்துவாங்க. இவர் பெஞ்சுல உட்கார்ந்து கடலை தின்னுக்கிட்டிருப்பார். பெரியவங்களும் சேர்ந்து ரசிக்கிற மாதிரி ஒரு இடம் ஏன் இருக்கக்கூடாதுன்னு அப்போ தோணினதா அவரே சொல்லியிருக்கார். 1955 ஜூலைல டிஸ்னிலேண்ட் திறந்தது. ஆக, குழந்தைகளுக்கு விளையாட இடம் இல்லைங்கறது அவர் பிரச்சினை இல்லை. குழந்தைங்க சந்தோஷமாத்தான் சுத்திக்கிட்டு இருந்தாங்க. போரடிச்சுக் கடலை தின்ன ஒரு பெரிய மனுஷனுக்குத்தான் பிரச்சினை!

அதுக்கு முன்னாடி போனா இன்னும் தெளிவா இருக்கு. அமெரிக்காவுல கோனி ஐலண்டுல 1884-ல தாம்ப்சன்ங்கறவர் அஞ்சு சென்ட் டிக்கெட்ல ஒரு ரோலர் கோஸ்டர் ஓட்டினார். அவர் கோபம் மதுக்கடைகள் மேல. சாராயக் கடையில போய் விழற ஜனங்களுக்கு வேற நல்ல பொழுதுபோக்கு வேணும்னு நினைச்சார். 1893-ல சிகாகோ பொருட்காட்சியில ஃபெர்ரிஸ் நிறுத்தின முதல் ராட்சத ராட்டினத்துல 36 பெட்டி, ஒவ்வொண்ணுலயும் 60 பேர். டிக்கெட் 50 சென்ட். அந்தக் காலத்துக்கு அது நல்ல காசு. ஏறினவங்க தொப்பியும் கோட்டும் போட்ட கனவான்களும் சீமாட்டிகளும். ராட்டினம்னா குழந்தைங்க சமாச்சாரம்னு முத்திரை குத்தினது அப்புறம் வந்த கதை.

நம்ம ஊரு மட்டும் என்ன? பரிபாடல்ல வையைப் பாட்டுகளைப் பாருங்க. ஆத்துல புதுவெள்ளம் வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் மதுரையே கிளம்பும். ஆணும் பெண்ணும் அலங்காரம் பண்ணிக்கிட்டு, யானை குதிரை ஏறி, ஒருத்தர் மேல ஒருத்தர் நீர் பீச்சி அடிக்கிற கருவிகளைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுவாங்க. வாட்டர் கன் சாமி, வாட்டர் கன்! பிளஸ் டூவுல தமிழ் ஐயா இதைச் சொன்னப்போ நான் தூங்கிட்டு இருந்தேன்னு நினைக்கிறேன். அந்தக் கரையில யாரும் "உனக்கு எத்தனை குழந்தை?"ன்னு கேட்டு உள்ளே விட்ட மாதிரி தெரியலை.

சரி, சரித்திரம் போதும். பெரியவங்களுக்கு இதுல என்ன சுகம்? "மறுபடியும் குழந்தையா மாறிடறோம்"னு எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு. எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்லை.

என் தம்பிக்கு ஆறு வயசுல அவனைக் கொலம்பஸ்ல ஏத்தினோம். கப்பல் மாதிரி முன்னாடியும் பின்னாடியும் ஆடுமே, அதுதான். அவன் கத்தினது சந்தோஷக் கத்தல் இல்லை. செத்துடப் போறோம்னு நிஜமாவே நம்பி கத்தினான். இறங்கினதும் வாந்தி, அழுகை, ஜுரம். அவன் பக்கத்து சீட்டுல நாப்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் அதே அளவு சத்தமா கத்திட்டு, இறங்கினதும் வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு மறுபடி க்யூவுக்கு ஓடினார். ஒரே கப்பல், ஒரே ஆட்டம். அவருக்குத் தெரிஞ்ச ஒண்ணு தம்பிக்குத் தெரியலை, அவ்வளவுதான். கம்பி பூட்டியிருக்கு, மூணு நிமிஷத்துல நின்னுடும், கீழே ஐஸ்கிரீம் கடை இருக்கு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல பால் ரோஸின்னு ஒரு உளவியல் பேராசிரியர். மிளகாய் ஏன் மனுஷனுக்குப் பிடிக்குதுன்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினவர். மிளகாய் தின்னா வாய் எரியுது, கண்ணுல தண்ணி வருது, உடம்பு "ஆபத்து"ங்குது. மனசு மட்டும் "ஒண்ணும் ஆகாது"ங்குது. உடம்பு ஏமாந்துபோச்சு, நான் ஏமாறலைங்கற அந்த இடைவெளிலதான் ருசியே இருக்குங்கறார். சோகப் படம் பாத்து அழறது, ரோலர் கோஸ்டர் ஏறறது எல்லாத்தையும் இதே கணக்குலதான் சேர்க்கிறார். அவர் வச்ச பேரை நம்ம பாஷையில சொன்னா 'ஆபத்தில்லாத அவஸ்தை'. தீவுத்திடல் பொருட்காட்சியில மிளகாய் பஜ்ஜி கடையையும் ராட்டினத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சவன் ரோஸினைப் படிச்சிருப்பானோ என்னவோ.

அப்படிப் பாத்தா இது குழந்தை சுகமே இல்லை. பச்சை மிளகாயைக் குழந்தை ரசிக்காது. 'ஒண்ணும் ஆகாது'ன்னு தெரிஞ்சுக்கற அளவுக்கு வளர்ந்தவனுக்குத்தான் இதுல ருசி.

கோடம்பாக்கத்துக்காரங்களுக்கு இதைப் பாடம் எடுக்கவே தேவையில்லை. எங்க தெருவுல ஒரு தாத்தா இருந்தார். ஸ்டுடியோக்கள்ல செட் போடற ஆசாரி. படத்துல வர்ற அரண்மனைத் தூண் எல்லாம் பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும்தான்னு தன் கையால செஞ்சு பாத்தவர். அவரே தியேட்டர்ல அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு கதாநாயகி அழுதா சட்டை நனையற அளவுக்கு அழுவாராம். பொய்னு தெரியும், ஆனாலும் அழலாம். அதுக்குத்தானே டிக்கெட்? தாம்பரம் பக்கத்துல கிஷ்கிந்தாவைக் கட்டின நவோதயா அப்பச்சனும் சினிமாக்காரர்தான். இந்தியாவோட முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) எடுத்தவர். அதுல பசங்க சுவர்லயும் உத்திரத்துலயும் நடக்கற பாட்டுக்காக ஒரு அறையையே சுழலற மாதிரி கட்டினாங்க. அதுவே பாதி ரைடு மாதிரிதான்! அப்படிப்பட்டவர் தீம் பார்க் கட்டினதுல ஆச்சரியமே இல்லை. சினிமா தியேட்டர் வாசல்ல "குழந்தை எங்கே?"ன்னு யாரும் கேட்கறதில்லை. ராட்டினத்துகிட்ட மட்டும் ஏன் கேட்கறோம்?

வி.ஜி.பி. வாசல்ல அசையாம நிக்கற சிலை மனிதரை யார் சிரிக்க வைக்கப் பாக்கறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? குழந்தைங்க ரெண்டு நிமிஷம் பாத்துட்டு நகர்ந்துடும். மல்லுக்கு நிக்கறது பூரா மீசை வச்ச ஆளுங்கதான்.

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம். ரைடு ஓட மோட்டார், ஆபரேட்டர் சம்பளம், குளத்துத் தண்ணி சுத்தம் பண்ற செலவு எல்லாம் இருபது சீட்டும் நிரம்பினாலும் ரெண்டு சீட் நிரம்பினாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பள்ளிக்கூடம் நடக்கற செவ்வாய்க்கிழமை காலையில குழந்தையோட எந்தக் குடும்பம் வரும்? அன்னிக்கு சீட்டை நிரப்பறது யாரு? காலேஜ் பசங்க, ஆபீஸ் டீம் அவுட்டிங், புதுசா கல்யாணம் ஆனவங்க. பல பார்க்ல காலேஜ் ஐடி காட்டினா தள்ளுபடி தர்றது படிப்பு மேல இருக்கிற பாசத்துல இல்லை. மார்ஜினல் காஸ்ட்டிங் பேப்பர்ல நான் எடுத்த மார்க்கை மறந்துட்டு இதை மட்டும் நம்புங்க: குழந்தைங்க வர்ற ஞாயிற்றுக்கிழமைக்காகப் பார்க் உயிரோட இருக்கறதே, குழந்தை இல்லாதவங்க வர்ற செவ்வாய்க்கிழமையாலயும்தான்.

இன்னொண்ணு. 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல வொண்டர்லா திறந்தாங்களே, அங்கே கால் அந்தரத்துல தொங்கற கோஸ்டர் ஒண்ணு இருக்கு. அந்த மாதிரி பெரிய ரைடுகள்ல உயரம் அளந்துதான் ஏத்துவாங்க. அந்தக் கோட்டைத் தொடாத குழந்தைக்கு அனுமதியே இல்லை. பார்க்கோட மிக உசத்தியான பொருள் குழந்தைக்குக் கிடையாது! அப்புறம் அது யாருக்காகக் கட்டினதாம்?

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்கலை. 2019-ல அமெரிக்காவுல ஒரு அம்மாவோட புலம்பல் இணையம் பூரா பரவுச்சு. டிஸ்னி வேர்ல்டுல மூணு வயசுக் குழந்தைக்கு ஒரு தின்பண்டம் வாங்கித் தரமுடியாத அளவுக்கு க்யூவாம், அதுல குழந்தை இல்லாத பெரியவங்க வேற வந்து நிக்கறாங்களாம். வெயில்ல அழற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கறவங்களோட எரிச்சல் எனக்குப் புரியுது. நம்ம ஊரு வெயிலுக்கு இன்னும் நல்லாவே புரியும். ஆனா க்யூ நீளம்னா நிர்வாகத்துகிட்ட கேட்கணும், முன்னாடி நிக்கறவங்க வயித்தைப் பாத்துக் கேட்கக்கூடாது.

பெரியவங்களால பார்க் கெடுதுன்னா அது வேற பெரியவங்களால. அலைக்குளத்துல கூட்டமா இறங்கி, பொண்ணுங்க பக்கமே 'தற்செயலா' மிதந்து வர்றானுங்களே, அந்த ஜென்மங்களால. தீம் பார்க் வேணாம்னு பெண்கள் சொல்றதுக்குப் பாதி காரணம் இதுதான், பெரியம்மாக்கள் இல்லை. சித்தியும் முதல்ல அதுக்குத்தான் தயங்கினாங்க.

போனோம். ஒரு புதன்கிழமை, ஈ.சி.ஆர். பக்கம், பேர் வேணாம். டிக்கெட் கவுண்டர்ல இருந்தவர் சித்தியைப் பாத்து, "குழந்தைங்க எத்தனைம்மா?"ன்னார். வழக்கமா கேட்கறதுதான், தப்பா எதுவும் இல்லை. இருந்தாலும் எனக்குப் பக்குனு ஆச்சு. சித்தி, "நாலு பெரியவங்க"ன்னாங்க.

பருத்தித் துணியோட குளத்துல இறங்கக்கூடாதுங்கறது விதி. வாடகைக்கு நைலான் டிரஸ் வாங்கி, முழங்கால் தெரியுதா தெரியுதான்னு பத்து தடவை இழுத்து விட்டுக்கிட்டாங்க. முதல் ஒரு மணி நேரம் பழைய பழக்கத்துல எங்க பைகளை வாங்கி மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. நான் லாக்கர் எடுத்து எல்லாத்தையும் உள்ளே போட்டு சாவியை என் கையில கட்டிக்கிட்டேன். அப்புறம் சித்திக்கு மடியில வச்சுக்க எதுவும் இல்லை.

கொலம்பஸ்ல கடைசி வரிசை. கப்பல் உச்சிக்குப் போய் ஒரு வினாடி நிக்குமே, அப்போ சித்தி கத்தினாங்க பாருங்க. இருபது வருஷமா எங்க வீட்டுல அவங்க குரல் உசந்து நான் கேட்டதே இல்லை. மாமியார் பேசினாலும், டாக்டர்கிட்ட போயிட்டு வந்த நாள்லயும், வளைகாப்புலயும் சமையலறைதான். வீட்டுல கத்தினா அக்கம்பக்கம் என்னாச்சுன்னு கேட்கும். ரோட்டுல கத்தினா பைத்தியம்பாங்க. இங்கே கத்தினாங்க, பக்கத்துல இருந்தவங்களும் கத்தினாங்க, ஒருத்தர் கூட திரும்பிப் பாக்கலை. இறங்கினதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. காத்தாலன்னாங்க. காத்தாத்தான் இருக்கும்.

மறுபடி மூணு தடவை ஏறினோம். எனக்குத்தான் குடல் வாய்க்கு வந்துடுச்சு. மூணாவது தடவை நான் பெஞ்சுல உட்கார்ந்துட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸுல ஜன்னலோரம் தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன். பவர் ஹவுஸ் ஸ்டாப் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கண்ணைத் திறந்து, "உன் காலேஜ் கார்டு எப்படா முடியுது?"ன்னாங்க.

"ஏப்ரல் வரைக்கும் செல்லும் சித்தி."

விரல் விட்டு மாசத்தை எண்ணிட்டு, "ரெண்டு தடவை போகலாம்"னாங்க.