உள்ளே வேம்பு, ஓடு எது?

தி.நகர் கிளையில் நான் வேலை பார்த்த காலத்தில், கார்பன் தாள் வைக்காமலே நகல் விழும் ரசீதுப் புத்தகம் வந்தது. மேல்தாளின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத உறைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாயம். பேனா அழுத்தினால் உறை உடைந்து கீழ்த்தாளில் எழுத்து விழும். அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனி 1950களில் கொண்டுவந்த வித்தை இது. முதலில் செய்த உறை ஜெலட்டினும் ஒருவகை வேலம்பிசினும்தான். ஆனால் சாயத்தைக் கரைக்க 1971 வரை பி.சி.பி. என்கிற நச்சு எண்ணெயைச் சேர்த்தார்கள். அது விஸ்கான்சினில் ஃபாக்ஸ் ஆற்றின் அடியில் படிந்து, தூர்வார வருஷக்கணக்கில் ஆனது.

அதே வித்தை வயலுக்கு வந்து வெகுநாளாகிறது. லாம்டா சைஹலோத்ரின் 4.9 சி.எஸ்., பெண்டிமெத்தலின் 38.7 சி.எஸ். என்று மருந்துக்கடையில் பார்த்திருப்பீர்கள். சி.எஸ். என்றால் மருந்தை நுண்ணிய உறைக்குள் அடைத்து நீரில் மிதக்க விட்டது. தெளிக்கிறவர் தோலில் மருந்து நேரடியாகப் படுவது குறையும். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை.

ஆனால் தேனீக்களின் கதை வேறு. 1970களில் அமெரிக்காவில் மெத்தில் பாரத்தியானை உறையில் அடைத்து பென்கேப்-எம் என்று விற்றார்கள். அந்த உறைகள் மகரந்தத் துகள் அளவே இருந்தன. தேனீக்கள் அவற்றையும் மகரந்தத்தோடு காலில் ஒட்டிக்கொண்டு போய்க் கூட்டில் சேர்த்தன. சாதாரண மருந்து என்றால் வயலுக்குப் போன ஈதான் சாகும். இதிலோ கூட்டுக்குள் இருந்த குஞ்சுகளுக்கும் விஷம் ஊட்டப்பட்டது.

இப்போது நம் பக்கம் வருவது உறையிட்ட வேம்பு. அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதையும். அதனால்தான் சாயங்காலம் தெளிக்கிறோம், திரும்பத் திரும்பத் தெளிக்கிறோம். ஆள்கூலி கொடுக்கிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். உறைக்குள் இருந்தால் வெயில் தாங்கும், மெதுவாகக் கசியும். "உள்ளே வேம்புதானே சார்" என்பார்கள். வேம்பு சரி, ஓடு? பாலியூரியா, பாலியூரித்தேன் என்றால் பிளாஸ்டிக். வேம்பு தீர்ந்த பிறகும் வெற்று ஓடு மண்ணில் கிடக்கும், மண்புழு வயிற்றுக்கும் போகும். நாலு நாளில் சிதைவதை வேம்பின் குறையாகவே நான் நினைக்கவில்லை. அறுவடைக்கு முன்பு தெளித்தாலும் மனசு பதறாமல் இருப்பது அதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மக்காத நுண்பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. உர உறைகளுக்கு 2028 வரையிலும் பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளுக்கு 2031 வரையிலும் அவகாசம். அங்கே தடையாகும் சரக்கு நம் கடைகளுக்கு வந்துவிடக் கூடாது.

உறை என்றாலே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. டால்க் பொடியில் கலந்த சூடோமோனாஸ் பாக்கெட்டிலேயே செத்துப்போவது நமக்குப் பழகிய நஷ்டம். மண்டபம் கடலோரத்தில் கிடைக்கும் சர்காசம் பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கலாம். அதில் நுண்ணுயிரைக் கலந்து கால்சியம் குளோரைடு நீரில் சொட்டினால் குட்டிக் குட்டி மணிகளாக உறையும். மண்ணில் மக்கும். இதை நான் வரவேற்பேன். கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உயிர் உரத்தை மாத்திரை உறைக்குள்ளேயே அடைத்துக் காட்டியிருக்கிறது.

ஆகவே நம் பி.ஜி.எஸ். குழுக்கள் ஒரு விதி எழுதிக்கொள்ள வேண்டும். ஓடு எதனால் ஆனது, நம் மண்ணில் எத்தனை நாளில் மக்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுக்காத எந்த உறையிட்ட இடுபொருளும் உள்ளே வரக்கூடாது. மக்குவதைச் சோதிக்க அடையாறைச் சுற்றியே ஐ.ஐ.டி.யும் சி.எல்.ஆர்.ஐ.யும் தரமணியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. இயக்கமாகப் போய்க் கேட்கலாம்.

ஜெலட்டின் உறை என்றால் அது மாட்டுத்தோலும் எலும்பும். மயிலாப்பூரில் காய் வாங்குகிற மாமிகள் அதையும் கேட்பார்கள், பதில் வைத்திருங்கள்.