பதினாறு யார்

மரவில்லால் மான் வேட்டையாடுகிறேன் என்று சொன்னால் எங்கடை ஆக்கள் இரண்டு விதமாய்ப் பார்ப்பார்கள். ஒரு பகுதி, 'பாவமெல்லே, வாயில்லாச் சீவன்' என்று சொல்லும். சொல்லும்போது கையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் இருக்கும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ரோல்ஸுக்குள் கிடக்கிற ஆடும் வாயில்லாததுதான்.

மற்றப் பகுதிதான் எனக்குக் கவலை. 'அந்தக் காலத்து வில்லாலையோ? சேரன்ரை கொடியிலை இருக்கிற வில்லெல்லே!' என்று தொடங்கி வல்வில் ஓரியில் வந்து நிற்பார்கள். புறநானூற்றில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அருமையான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டை மண்டைக்குள் வைத்துக்கொண்டு ஒன்ராறியோக் காட்டுக்குள் இறங்குகிறவன், ஒரு மானின் குடலில் அம்பைத் தைத்து அதை இரண்டு நாள் அலைந்து சாகவிடுவான். எங்கடை பெடியளும் இப்ப வேட்டைக்கு லைசென்ஸ் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அதிலும் சிலபேர் நேரே மரவில்லில் கைவைக்கிறார்கள் என்றபடியால்தான் இதை எழுதவேண்டி வந்தது.

என்னுடைய கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். மரவில்லில் தேர்ச்சி வர வர, ஒருவன் மானுக்கு அம்பு விடுகிற தூரம் குறைந்துகொண்டு போகவேண்டும். கூடிக்கொண்டு போகிறதென்றால் அவன் பழகுவது வேறு ஏதோ விளையாட்டு.

இதை விளங்கவேண்டுமென்றால் முதலில் வில்லைப் பற்றிக் கொஞ்சம் தெரியவேண்டும். இன்று கடைகளில் அதிகம் விற்பது கொம்பவுண்ட் வில். மிசூரிக்காரர் ஹொலஸ் வில்பர் அலன் என்பவர் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்றுக்கொண்ட கண்டுபிடிப்பு. எங்கடை கிணற்றுக் கப்பி மாதிரி இரண்டு பக்கமும் கப்பி பூட்டினது. அதன் சூட்சுமம், முழுதாய் இழுத்து முடிந்ததும் பாரம் விழுந்துவிடும். 60 இறாத்தல் வில்லென்றாலும் கையில் நிற்பது 12, 15 இறாத்தல்தான். ஆறுதலாய்ப் பிடித்துக்கொண்டு, குறிமுள்ளை வைத்து, மான் திரும்பும்வரைக்கும் நிற்கலாம்.

மரவில்லில் அந்தச் சலுகை இல்லை. என்னுடையது 45 இறாத்தல். இழுக்க இழுக்கப் பாரம் ஏறும், இழுத்து முடித்தால் 45உம் விரலில். இரண்டு மூன்று செக்கனுக்குள் விடவேண்டும், அல்லது இறக்கவேண்டும். குறிமுள்ளும் கிடையாது. கண் பார்க்கிற இடத்துக்குக் கை போகவேண்டும், அவ்வளவுதான். (இது உள்ளுணர்வா, அம்பு முனைக்கும் இலக்குக்கும் இடைவெளி கணிக்கிறதா என்று வில்லுக்காரர் விடிய விடியச் சண்டை பிடிப்பார்கள். இரண்டு கட்சியிலும் நன்றாய் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிடுவோம்.)

ஒன்ராறியோச் சட்டம் மானுக்கு 18 கிலோ இழுவைப் பாரம் உள்ள வில்லையும் 22 மில்லிமீற்றர் அகலமுள்ள முனையையும் ஆகக் குறைந்த அளவாய்க் கேட்கிறது. அதாவது 40 இறாத்தல் வில்லே போதும். பலம் பெரிய பிரச்சினையில்லை. பிரச்சினை நேரத்தில் இருக்கிறது. என்னுடைய அம்பு செக்கனுக்கு 170 அடி அளவில் போகும். 20 யாரில் நிற்கிற மானைப் போய்ச்சேர மூன்றில் ஒரு செக்கன் பிடிக்கும். நாண் அதிர்கிற சத்தமோ செக்கனுக்கு 1100 அடி. அம்பு பாதி வழி போகமுதலே மானுக்குச் சத்தம் கேட்டுவிடுகிறது. கேட்டதும் வெள்ளைவால் மான் செய்கிற முதல் வேலை, பாய்வதற்காகக் காலை மடித்து உடம்பைக் கீழே பதிப்பது. சுவாசப்பைக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலால் போகும், அல்லது முதுகிலேயே தைக்கும். 30 யாரென்றால் அரைச் செக்கனுக்கு மேலே. அந்த நேரத்துக்குள் மான் முழுதாய்த் திரும்பியே விடும். இலக்குப் பலகை திரும்பாது. தோட்டத்தில் 30 யாரில் பலகையின் நடுவில் அடிக்கிறவன் காட்டிலும் அடிப்பான் என்று நினைப்பது இதனால்தான் பிழை.

அப்படியென்றால் ஒருவனுடைய தூரம் எது? எனக்கு வில்லுப் பழக்கிய கிழவர் ஒரு வழி சொல்லித் தந்தார். ஒன்பது அங்குலக் கடதாசிக் கோப்பை ஒன்றை எடுத்துக் கட்டு. மானின் சுவாசப்பையும் இருதயமும் கிடக்கிற இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். காலமை எழும்பி, கை சூடேறமுதல், வேட்டைக்குப் போடுகிற தடித்த சட்டையையும் போட்டுக்கொண்டு ஒரே ஒரு அம்பு விடு. ஒன்றுதான், இரண்டாவது கணக்கில்லை. அது ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் கோப்பைக்குள் விழுந்தால் அதுதான் உன்ரை தூரம். ஒரு நாள் வெளியே போனால் ஒரு யார் முன்னுக்கு வந்து திரும்பவும் முதலாம் நாள்.

கேட்க லேசாய் இருக்கும். செய்து பாருங்கள். பத்து அம்பு விட்டு எட்டுக் கோப்பைக்குள் என்றால் மனம் குளிரும். ஆனால் வெளியே போன இரண்டில் ஒன்று அநேகமாய் முதல் அம்பு. மானுக்கு நாங்கள் விடுவது எப்போதும் முதல் அம்பைத்தான். இந்தக் கணக்கில் எனக்கு வந்தது 16 யார். பத்து வருஷத்துக்கு மேலே வில்லுப் பிடிக்கிறேன், 16தான். சபையில் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. அமெரிக்காவில் இன்று மரவில் பிடிக்கிற முக்காவாசிப் பேருடைய பரம்பரை, தேடிக்கொண்டு போனால், அவரிடம் போய் முடியும். 1911 ஓகஸ்ற்றில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குப் பக்கத்தில், ஓர் இறைச்சிக் கொட்டிலடியில், பசியில் வாடிப்போய் ஓர் ஆள் பிடிபட்டார். யாஹி இனத்தில் மிஞ்சியிருந்த கடைசி மனிதர். 1860களில் குடியேறிகள் அந்தச் சனத்தை வேட்டையாடிக் கொன்றார்கள். தப்பின கொஞ்சப்பேர் நாற்பது வருஷமளவில் மலைப் பள்ளத்தாக்குகளில் ஒளித்திருந்தார்கள். தடம் பதியாமல் கல்லுக்குக் கல் நடந்து, புகை எழும்பாமல் சின்னதாய் நெருப்பு மூட்டி. 1908இல் நில அளவைக்காரர் அவர்களின் குடிசைகளைக் கண்டு உள்ளேயிருந்த சாமான்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு எஞ்சியது அந்த ஒருவர்தான். சொந்தப் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. இஷி என்று மற்றவர்கள் வைத்தார்கள். அவருடைய பாஷையில் மனிதன் என்று அர்த்தம்.

சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவரைத் தங்கவைத்தார்கள். அங்கே அவருக்கு வைத்தியம் பார்த்த டொக்ரர் சக்ஸ்ரன் போப் அவரிடம் வில்லுச் செய்யவும் விடவும் பழகினார். 1914இல் இஷியோடு அவருடைய பழைய மலைநாட்டுக்கும் போய்வந்தார். இஷி 1916இல் காசநோயில் இறந்துபோனார். போப் எழுதிய வில்வேட்டைப் புத்தகம் 1923இல் வந்தது. அதைப் படித்துத்தான் அமெரிக்காவில் ஒரு தலைமுறையே வில்லைத் தூக்கியது. (இஷியின் மூளையை ஆராய்ச்சிக்கென்று எடுத்து வாஷிங்ரனுக்கு அனுப்பினார்கள். 2000ஆம் ஆண்டில்தான் அது திரும்பி வந்து மண்ணுக்குள் போனது. அது வேறு கதை. ஆனால் மறக்கக்கூடாத கதை.)

இஷியின் வில் 40, 45 இறாத்தலளவு. குட்டை வில். கைவிரல்களை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துகிற மாதிரிச் சத்தம் எழுப்புவார். முயல், நரி எல்லாம் கிட்ட வரும். அம்பைத் தூரம் அனுப்பப் பாடுபடாமல் மிருகத்தை அம்புக்குக் கிட்டக் கூப்பிடுகிற ஆள். ஏன் அப்படி என்று யோசித்தால், அந்த வாழ்க்கையில் வேறு வழியிருந்திருக்காது. துவக்கென்றால் சத்தம் காட்டிக்கொடுக்கும். அம்பு பட்ட மான் மைல் கணக்கில் ஓடி வெள்ளைக்காரனின் காணிக்குள் விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். விட்டால் விழவேண்டும், சத்தமில்லாமல் கிட்டவே விழவேண்டும். ஒளித்திருந்த சனத்தின் தொழில் அது. எங்களில் கனபேருக்கு அது விளக்கம் சொல்லாமலே விளங்கும்.

போப் பிறகு இங்கிலீசு நெடுவில்லின் பக்கம் போனார். இன்னும் பாரமான வில், இன்னும் தூரம், பெரிய பெரிய மிருகம். அவர் பெரிய ஆள்தான். ஆனால் இஷியிடம் வில்லை வாங்கிக்கொண்டு தூரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைக்கும் அதே பிழைதான் நடக்கிறது.

சரி, 16 யாருக்குள் மான் எப்படி வரும்? இங்கேதான் உண்மையான படிப்பு. மானுக்கு மூக்குத்தான் எல்லாம். வன்னியில் பெரியப்பா மோட்டைக் கரையில் பரண் கட்டி, ஏறமுதல் ஒரு பிடி சாம்பலைத் தூவிப் பார்ப்பார். காற்றுச் சரியில்லையென்றால் அண்டைக்கு வீடுதான். இங்கே நான் கொண்டுபோவது மில்க்வீட் பஞ்சு. எங்கடை எருக்கலையின் சொந்தக்காரச் செடி, அதே பால், அதே பஞ்சு. பரணிலிருந்து ஒரு துணுக்கை விட்டால் அது போகிற வழி கண்ணுக்குத் தெரியும். முகத்தில் காற்று ஒரு பக்கம் அடிக்கும், இருபது யார் தள்ளிப் பஞ்சு வேறு பக்கம் திரும்பும். காலமை வெயிலேறச் சரிவில் காற்று மேலே எழும்பும், பின்னேரம் குளிரக் குளிரப் பள்ளத்துக்கு வழியும். ஆகவே காலமைக்கு ஒரு மரம், பின்னேரத்துக்கு வேறு மரம். காலமை மான் வருகிற பாதைக்கு மேலே இருக்கவேண்டும், பின்னேரம் கீழே. எந்த ஓக் மரம் இந்த வருஷம் கொட்டை போட்டது, சோளம் எப்ப வெட்டினவங்கள், எந்தப் பற்றைக்குள் படுத்து எந்த வழியால் எழும்பி வருகுது என்று செப்ரெம்பர் முழுக்கப் பார்க்கவேண்டும். அம்பு விடுகிறது இதில் நூறில் ஒரு பங்கு வேலை.

மான் வந்தாலும் முடியவில்லை. எப்ப இழுக்கிறது? அதன் கண் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆடினால் கண்டுவிடும். தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைகிற நேரம் இழுக்கவேண்டும். எங்களுக்குக் கொஞ்சம் பின்பக்கம் காட்டி, கிட்டேயுள்ள முன்னங்காலை முன்னே வைக்கிற நேரம் விடவேண்டும். அந்த இரண்டும் இரண்டு மூன்று செக்கனுக்குள் சேர்ந்து வராவிட்டால் விடக்கூடாது. முகத்தைக் காட்டிக்கொண்டு நேரே வருகிற மானுக்கு விடக்கூடாது. பரணுக்கு நேர் கீழே வந்து நின்றாலும் விடக்கூடாது, மேலிருந்து செங்குத்தாய்ப் போகிற அம்பு ஒரு சுவாசப்பையை மட்டும் வெட்டும். ஒரு சுவாசப்பையோடு மான் கனதூரம் போகும். விட்ட பிறகும் குறைந்தது அரைமணி நேரம் பரணிலேயே இருக்கவேண்டும். இரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருந்தால் சுவாசப்பை, கிட்ட எங்கேயோ விழுந்திருக்கும். பச்சையாய் மணத்தால் குடல், எட்டு மணித்தியாலமாவது கிட்டப் போகக்கூடாது, துரத்தினால் எழும்பிப் போய்விடும். அதற்குத்தான் முதலே சொன்னேன், அந்த இடத்துக்குப் போகாத மாதிரிப் பார்த்துக்கொள்ளவேண்டுமென்று.

போன வருஷம் ஒக்ரோபரிலிருந்து டிசம்பர்வரை 19 தரம் பரணில் இருந்தேன். 16 யாருக்குள் வந்தவை நாலு. ஒன்று முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தது, ஒன்றுக்குப் பின்னால் குட்டி நின்றது, ஒன்று நான் பாதி இழுக்கும்போதே பார்த்துவிட்டது. ஒன்றுக்கு விட்டேன், 12 யார். கண்ணுக்குத் தெரியிற தூரத்திலேயே விழுந்தது. 25, 30 யாரில் நின்று மேய்ந்தவற்றை நான் எண்ணவில்லை. 'அங்கிள், யூரியூப்பிலை நாப்பதிலை அடிக்கிறாங்களே' என்று கேட்கிறார்கள். பட்டதைத்தான் காட்டுவான், தம்பி. படாததைக் காட்டுகிறதற்கு யாருக்கு மனம் வரும்?

ஒவ்வொரு நாளும் பழக நேரமில்லை, இரண்டு வேலை, பிள்ளைகள் என்றால் துவக்கை எடுங்கள், அல்லது குறுக்குவில்லை எடுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சேரனும் கோபிக்கமாட்டான். மான் எங்கடை பாரம்பரியத்துக்காகச் சாகவேண்டிய கடமை ஒன்றுமில்லை.

சிநேகிதர் ஒருவரின் மகன் தை மாதம் வந்தான், 19 வயது. 60 இறாத்தல் வில்லொன்று வாங்க யோசிக்கிறானாம், இந்த ஒக்ரோபருக்கே காட்டுக்குப் போகவேணுமாம். என்னுடைய பழைய 35 இறாத்தல் வில்லைக் கொடுத்து, சாக்கில் பழந்துணி அடைத்து, கராஜில் மூன்று யாரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விடச் சொன்னேன். குறி பார்க்க வேண்டாம், முதுகுத் தசை இழுக்கிறதும் விரல் விடுகிறதும் எப்படி இருக்கு என்று மட்டும் பார் என்று. நாளுக்கு முப்பது அம்பு. கோபித்துக்கொண்டு போனான், வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். போன கிழமை எடுத்தான். 'அங்கிள், இப்ப அஞ்சு யாருக்குப் போகட்டோ?'

'சித்திரை வரட்டும்' எண்டன்.