எத்தனை பீப்பாயை வேண்டாம் என்றீர்கள்?

அமெரிக்காவில் கொஞ்சம் பெரிய மதுக்கடை எதற்குள் நுழைந்தாலும், போர்பன் விஸ்கி அலமாரியில் சில பாட்டில்கள் மட்டும் நெற்றியில் தனி ஸ்டிக்கரோடு நிற்கும். 'சிங்கிள் பேரல். எங்கள் கடைக்காகவே தேர்ந்தெடுத்தது!' அதே கம்பெனியின் சாதாரண பாட்டில் பக்கத்திலேயே, விலை குறைவாக, பாவமாக நிற்கும். நீங்கள் எதை எடுப்பீர்கள்? ஊருக்கு வரும் மருமகன் எதைப் பனியனில் சுற்றி சூட்கேஸில் வைப்பார்? சொல்லவே வேண்டாம், ஸ்டிக்கரைத்தான்.

அந்த ஸ்டிக்கரில் 'தேர்ந்தெடுத்தது' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, எனக்குச் சண்டை அதோடுதான்.

முதலில் சரக்கைப் பற்றிக் கொஞ்சம். 1964-ல் அமெரிக்கக் காங்கிரஸ், போர்பன் தங்கள் நாட்டுக்கே உரிய பானம் என்று தீர்மானம் போட்டது. விதிகள் கறாரானவை. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வேண்டும். தனியாக நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. ஆகவே நிறம் முழுக்க மரம் கொடுத்தது. ருசியிலும் பெரும் பங்கு அதனுடையதுதான். ஒரே நாளில் ஒரே சாராயத்தை இரண்டு பீப்பாயில் ஊற்றி வைத்தாலும் சில வருஷம் கழித்து இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. மரம் வேறு, கிடங்கில் வைத்த மாடி வேறு. கென்டக்கி வெயிலில் மேல்மாடிப் பீப்பாய் வேகும், கீழ்மாடிப் பீப்பாய் நிதானமாக ஊறும்.

இந்த வித்தியாசத்தைச் சமன் செய்யத்தான் கம்பெனிகள் ஏராளமான பீப்பாய்களைக் கலக்கின்றன. நம்ம ஊர் காப்பிப்பொடிக் கடைக்காரர் பீபரியையும் பிளாண்டேஷனையும் அளவு பார்த்துக் கலந்து, வருஷம் பூரா ஒரே ருசி கொடுக்கிறாரே, அதே வித்தைதான். 1984-ல் எல்மர் டி. லீ என்ற டிஸ்டில்லரி நிபுணர் 'பிளான்டன்ஸ்' என்ற பெயரில், கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். பிறகு மற்ற கம்பெனிகளும் இறங்கின. அடுத்த கட்டமாக, முழுப் பீப்பாயையும் ஒரே கடைக்காரர் தலையில் கட்டும் ஏற்பாடு வந்தது.

தேர்வு எப்படி நடக்கிறது? கடைக்காரர் டிஸ்டில்லரிக்குப் போவார், அல்லது குட்டி பாட்டில்களில் சாம்பிள் வரும். மூன்றோ நாலோ ஐந்தோ பீப்பாய்கள். அவற்றை எடுத்து வைத்தது யார்? கம்பெனி ஆள். ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும் கிடங்கில் அசல் தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது! மிச்சத்தில் இவர் ஒன்றைச் சுட்டிக்காட்டி, பீப்பாய் மேல் கைவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார். அதுவும் எந்த நாக்கால்? பீப்பாய்ச் சரக்கு பல சமயம் 60 சதவீத ஆல்கஹாலை ஒட்டி இருக்கும். மூன்றாவது சாம்பிளுக்கு நாக்கு மரத்துப் போயிருக்கும். பிறகு நூற்றைம்பது, இருநூறு பாட்டில் கடைக்கு வந்து இறங்கும். பணம் முடங்கிவிட்டது. இனி அவர் 'சுமார்தான் ஸார்' என்று சொல்வாரா?

"எல்லாமே சுமார்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய கடைக்காரர்களும் இருக்கலாம். பாராட்ட வேண்டியது அவர்களைத்தான். ஆனால், வாங்காத பீப்பாய்க்கு ஸ்டிக்கர் ஒட்ட முடியாதே!

'குடித்துப் பார்த்தேன், பிரமாதமாகத்தானே இருந்தது' என்பீர்கள். இருக்கும். 2008-ல் கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர் என்றும் இன்னொரு தடவை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது ருசி ஏறியது. பொய் சொல்லவில்லை, மூளையில் சுகத்தை உணரும் பகுதியே கூடுதலாக வேலை செய்தது. விலைச்சீட்டுக்கே இந்த சக்தி என்றால், 'உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தது' என்ற ஸ்டிக்கருக்கு?

பத்திரிகை விமர்சனத்தை நம்பலாமா? அவர் குடித்தது வேறு பீப்பாய். அது காலியாகிப் பல நாள் ஆகியிருக்கும்.

ஆகவே நீங்களே சோதியுங்கள். ஒரே மாதிரி மூன்று தம்ளர். வீட்டில் யாரையாவது உங்களுக்குத் தெரியாமல் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் சாதாரண பாட்டில், ஒன்றில் ஸ்டிக்கர் பாட்டில், அல்லது மாற்றி. முக்கியமாக, போதை அளவைச் சமமாக்குங்கள். 60 சதவீதச் சரக்கு 30 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் விட்டால் சுமார் 45-க்கு இறங்கும். இல்லாவிட்டால் காரத்தை ருசி என்று நினைத்துவிடுவீர்கள். இப்போது கேள்வி, 'எது நல்லது' அல்ல, 'எது வேறு?' குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே ஐந்து நாள், நாளுக்கு ஒரு வாய் மட்டும். ஐந்து தடவையும் அதிர்ஷ்டத்திலேயே சரியாகச் சொல்ல 243-ல் ஒரு வாய்ப்புதான். ஜெயித்தால், அந்த ருசி பிடித்தும் இருந்தால், கொடுத்த பணம் தகும். தோற்றால், நீங்கள் வாங்கியது காகிதம்.

சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. 'ஃபோர் ரோசஸ்' கம்பெனியில் இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட், ஆகப் பத்து செய்முறைகள். கடைக்காரர் எடுக்கும் பீப்பாய் எந்தச் செய்முறை, எத்தனை வயது என்று பாட்டிலிலேயே எழுதிவிடுகிறார்கள். அங்கே தேர்வுக்கு அர்த்தம் இருக்கிறது.

மற்றவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரி. எந்த மாடி, என்றைக்கு ஊற்றியது, என்றைக்கு இறக்கியது என்பதோடு இதையும் அச்சடியுங்கள்: எத்தனை பீப்பாய் ருசி பார்த்தீர்கள், எத்தனையை வேண்டாம் என்றீர்கள்?

பெண் பார்க்கப் போனவர், பார்த்த ஒரே பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, 'ஆயிரத்தில் ஒருத்தியைத் தேடிப் பிடித்தேன்' என்று ஊரெல்லாம் சொல்லலாம். கல்யாணம் நன்றாகவே அமையலாம். ஆனால், மொய் எழுதும் நாம் அந்தத் தேடலுக்கும் சேர்த்து எழுத வேண்டியதில்லை!